சித்தப்பாவின் சிவப்பு கிடார்

பள்ளிக்கூடத்து இசை அறையில் பாட்டு பாதி போய்க்கொண்டிருந்தது. குருவியின் சிவப்பு எலக்ட்ரிக் கிடார் ‘கர்ர்’ என்று ஒரு தடவை இருமியது. அப்புறம் வாயே திறக்கவில்லை.

“உன் கிடாருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு போல,” என்றான் டிரம்ஸ் வாசிப்பவன்.

எல்லாரும் சிரித்தார்கள். குருவியும் சிரித்தாள். காது மட்டும் சூடாகிவிட்டது.

வகுப்பிலேயே அவள்தான் சின்ன உருவம். அதனால்தான் அந்தப் பெயர். கிடார் அவளைவிட மூத்தது. லாரி ஓட்டும் சித்தப்பா பல வருஷம் வாசித்தது. போன வருஷம் அவள் ஆசையாகக் கேட்டாள். அவர் மறுபேச்சில்லாமல் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

“இது அடிக்கடி மக்கர் பண்ணுது. புதுசு வாங்கிடலாம்,” என்றார் அப்பா, அன்று மாலை.

“ஆமா கண்ணு, புதுசே வாங்கிக்கோ. இதுக்கும் வயசாயிடுச்சு,” என்றார் சித்தப்பா. வாய்தான் அப்படிச் சொன்னது. கை கிடாரைத் தடவிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை மூவரும் இசைக்கருவிக் கடைக்குப் போனார்கள். பழுது பார்க்கும் அக்கா மேஜை முழுக்க எதையோ துழாவிக்கொண்டிருந்தார்.

“கண்ணாடியா அக்கா? தலையில இருக்கு,” என்றாள் குருவி.

“நல்லவேளை, சொன்னே.” அக்கா கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, கிடாரைத் திறந்து பார்த்தார். “உள்ள ஒரு ஒயர் விட்டுப்போச்சு. பத்து நிமிஷ வேலை. ஆனா கழுத்துல இருக்கிற இந்த உலோகப் பட்டையெல்லாம் தேஞ்சிருக்கு. அதை மாத்த ஒரு வாரம் ஆகும். மாத்திட்டா இன்னும் ரொம்ப நாள் உழைக்கும்.”

பிறகு குருவியின் கையைப் பார்த்தார். “கழுத்து அகலமா இருக்கே. உனக்கு விரல் எட்டுதா?”

குருவி சித்தப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அவர் வருத்தப்படுவாரே.

“கடைசிக் கம்பி மட்டும் எட்டாது,” என்றாள் மெதுவாக.

அக்கா ஒயரைப் பற்றவைத்தார். “யாராவது வாசிச்சுப் பாருங்க.”

சித்தப்பா தயங்கித் தயங்கித்தான் வாங்கினார். ஆனால் விரல்கள் தயங்கவில்லை. தேய்ந்த இடங்களில் லேசாகக் கரகரத்தாலும் பாட்டு துள்ளிக்கொண்டு வந்தது. விலை கேட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா யாரையும் பார்க்கவில்லை.

“வீட்ல ஏன் இப்பல்லாம் வாசிக்கிறதே இல்ல சித்தப்பா?” என்று கேட்டாள் குருவி.

“எதை வச்சு வாசிக்கிறது?” என்று அவர் சிரித்தார்.

குருவிக்குச் சிரிப்பு வரவில்லை. அவரிடம் இருந்ததே ஒரு கிடார்தான். அதை அல்லவா கொடுத்திருக்கிறார்!

கடையின் மூலையில் யாரோ வாசித்துவிட்டு விற்ற சின்ன நீல கிடார் ஒன்று தொங்கியது. ஓரமெல்லாம் கீறல். எடுத்து விரல் வைத்துப் பார்த்தாள். எல்லாக் கம்பியும் எட்டியது.

“அப்பா, புதுசு வேணாம். எனக்கு இது போதும். சிவப்பையும் சரி பண்ணிடலாம்.”

“ரெண்டு எதுக்கும்மா?”

“வாசிக்கிறவங்க ரெண்டு பேர் இருக்கோமே.”

அப்பா தன் தம்பியின் முகத்தைப் பார்த்தார். “அதுவும் சரிதான்,” என்றார்.

சித்தப்பா மட்டும் முறுக்கிக்கொண்டார். “குடுத்ததைத் திருப்பி வாங்குற பழக்கம் எனக்கில்ல.”

“நான் திருப்பித் தரலையே. இப்ப அது என்னோடது. நான் உங்களுக்குக் குடுக்கறேன். அது வேற, இது வேற.”

சித்தப்பா வாய்விட்டுச் சிரித்தார். அவள் தலையைக் கலைத்துவிட்டார்.

மறுவாரம் சிவப்பு கிடார் வீட்டுக்கு வந்தது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வாசித்தார்கள். குருவி தப்பு விட்டால் சித்தப்பா காத்திருந்தார். சித்தப்பா தப்பு விட்டால் குருவி கெக்கெக்கே என்று சிரித்தாள்.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். மூன்று தடவை கூப்பிட்டும் ஒருவர் காதிலும் விழவில்லை. கையோடு இழுத்துப்போக வந்தவர், கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.