பொன்னுதுரை அடைத்த ஓட்டை

வரைபடத்திலிருந்த ஓட்டை இந்த வாரம் இடம் மாறியிருந்தது. பெரிதாகவும் ஆகியிருந்தது.

பால்வீதியின் புற ஊதா வெளிச்சத்தைச் செயற்கைக்கோள் ஒன்று மேலிருந்து அளந்து எண்களாக அனுப்ப, அவற்றை வரைபடக் கோடுகளாக்குவது சாரதாம்பாளின் வேலை. எங்கும் ஏதோ கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அந்த ஓர் இடத்தில் மட்டும் சுத்தமாக இல்லை.

மத்தியானம் காஜா பெராங் தெருவிலிருந்த அவள் வீட்டுக்கு வந்த, ஆய்வுக்குத் தலைவரான பேராசிரியர் பொன்னுதுரை உட்காரக்கூட இல்லை.

"அடைச்சிடு சாரதா. மெர்டேக்கான்னு சுதந்திரம் கெடைச்சு இத்தன வருசமாகியும் வெள்ளக்காரன் நம்ம கணக்க நம்பல. ஓட்டையோட அனுப்பினா சிரிப்பான் லா."

"கணக்குல தப்பில்ல சார். வாராவாரம் பெருசாகுது. கிட்ட வருது."

"சரி, பாதியாக் கொறைச்சிடு."

கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிறார்! "என் பேரப் போட்டுப் பொய்யா? முடியாது."

அவரே பென்சிலை எடுத்தார். பக்கத்துக் கோடுகளை இழுத்து மூடினார். "பாரு, அங்க ஒன்னுமில்ல."

"கண்ணுக்குத் தெரியலன்னா இல்லையா? இருங்க, காட்டுறேன்."

ஜன்னல்களை அறைந்து சாத்தினாள். நகைக்கடைக்காரக் கணவன் கல் சோதிக்கும் புற ஊதா விளக்கை எடுத்தாள். பள்ளியிலிருந்து வந்து சீருடை மாற்றாமல் நின்ற மகள் இந்திராவை முன்னால் நிறுத்தி விளக்கைப் போட்டாள். சலவைத்தூளில் துவைத்த வெள்ளை அந்த விளக்கில் நன்றாக ஒளிரும்.

அடைத்த அறையில் சூடேறிய கண்ணாடியின் வாசமும் மரப்பலகையின் புழுக்கமும் சேர்ந்து மூச்சை அழுத்த, தெருவில் போன சைக்கிள் மணி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் தூரமாகிக்கொண்டே போக, பேராசிரியரின் சட்டை நீலமாய்த் தீப்பிடித்தது.

அவர் பல்லும் ஒளிர்ந்தது. "இந்த விளக்கத் திருவிழாவுக்கு வாடகைக்கு விடலாமே!"

பிறகு அந்தப் பல் மறைந்தது. வாயை மூடிவிட்டார்.

இந்திராவின் தோளில் ஒரு கறுப்பு.

கறையா? சாரதாம்பாள் தேய்த்தாள். துணி சில்லென்றிருந்தது. அந்த ஓரத்தின் நெளிவு அவளுக்குத் தெரியும். வரைபட ஓட்டையைச் சுற்றி வாரக்கணக்கில் அவள் கை வரைந்த நெளிவு.

கறுப்பு கழுத்துக்கு ஏறியது.

"அடைச்சீங்களே, பாவி! ஜன்னலத் திறங்க!"

கன்னம். பல். சீருடை முழுதும். பிள்ளை நின்ற இடத்தில் பிள்ளையின் அளவில் ஓர் ஓட்டை. அங்கே ஒன்றுமில்லை.

பொன்னுதுரை ஜன்னல் கதவுகளை உதைத்துத் திறந்தார். வெயில் கொட்டியது.

சீருடை வெள்ளையாக இருந்தது. ஒரு கறை இல்லை. இந்திரா அப்படியே நின்றாள். வெயில் நேராக அவள் முகத்தில். கண் கூசவில்லை. விரித்த விழிகளோடு கைகளை நீட்டிக் காற்றைத் துழாவினாள்.

"அம்மா, ஜன்னலத் திறக்கச் சொன்னியே. ஏன் இன்னும் திறக்கல?"