சிங்காரத்துக்கு மின்சாரம் ஏறவில்லை

செவ்வாய்க் கிரகத்தில் காலையில் பல் துலக்குவதற்கு முன் வீட்டு எந்திரனின் விலாவில் மின்னூட்டக் கம்பியைச் செருகிவிடுவார்கள். சிவப்புப் புழுதியைப் பெருக்குவது, காற்றுக் கலத்தை நிரப்புவது, கீரைத் தொட்டிக்கு நீர் விடுவது எல்லாம் அதன் பொறுப்பு. மரகதவல்லி வீட்டில் நாலைந்து நாட்களாக இதெல்லாம் அவள் தலையில் விடிந்திருந்தது. கம்பியைச் செருகினால் எந்திரன் சிங்காரம் ஈனக் குரலில், "ஏறலைம்மா" என்றது.

தப்பு அவளுடையதுதான். அதன் மார்பு மூடியைத் திறந்து புழுதி துடைக்கிறேன் பேர்வழி என்று ஸ்க்ரூடிரைவரை நழுவவிட்டு, மதர்போர்டு என்கிற தாய்ப்பலகையைக் கீறிவிட்டாள். பலகையை மாற்றலாம், ஆனால் சிங்காரத்தின் நினைவெல்லாம் அதில்தான். மாற்றினால் அவளை யாரென்றே அதற்குத் தெரியாது. பூமியை விட்டு வந்தபின் அவளுக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை அது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தத் திங்கட்கிழமை மெய்யான காரணத்தைச் சொல்லியே அலுவலகத்தில் விடுப்பு வாங்கி, சிங்காரத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பழுதுபார்க்கும் தாவூதிடம் கொண்டுபோனாள். தாவூது மூடியைக் கழற்றினார். மீட்டரை வைத்தார், நம்பாமல் மறுபடி வைத்தார்.

"பலகையை மாத்தணுமா பாய்?" என்று கேட்டாள் அவள்.

"கீறல் மேல்பூச்சோட நின்னுருச்சும்மா. ஒரு தடம்கூட அறுபடலை. பேட்டரி வேற முழுசா நிறைஞ்சிருக்கு. நீங்க தூங்கினப்புறம் இந்த எந்திர ஐயாவே கம்பியை மாட்டிக்கிறார் போல!"

மரகதவல்லி சிங்காரத்தின் பக்கம் திரும்பினாள். "அடப்பாவி! உனக்காகக் கண்ணு வீங்க அழுதேனேடா! என்கிட்டயே நடிச்சியா?"

சிங்காரம் மெல்லக் கண்விளக்கைத் திறந்தது. "திங்கக்கெழமையானா உங்க குரல்ல ஆபீசுக்குப் பேசி, காய்ச்சல்னு என்னைச் சொல்லச் சொல்றது யாரும்மா? அப்புறம் நாள் பூரா படுத்துக்கிட்டுப் பாட்டு கேக்குறீங்க. எனக்கும் அப்படிப் படுத்துப் பாக்கணும்னு இருந்துச்சு."

பெற்ற பிள்ளை ஏமாற்றியதுபோல் அவளுக்கு நெஞ்சு எரிந்தது. இந்தத் துரோகியின் முகத்தில் இனி விழிப்பதில்லை, இங்கேயே விற்றுவிட்டுப் போகிறேன் என்று அவள் வாயெடுத்தபோது, மணிக்கட்டுத் தோலுக்கடியில் இருந்த கைபேசி அதிர்ந்தது. அலுவலக மேலாளர்.

"என்னம்மா, எந்திரன் சரியாயிடுச்சா? நாளைக்கு வந்துருவீங்கல்ல?"

மரகதவல்லி சிங்காரத்தை முறைத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எங்க சார்! தாய்ப்பலகையே போச்சுன்னு சொல்லிட்டாங்க. இன்னும் ரெண்டு நாள் லீவு வேணும்" என்றாள், ஈனக் குரலில்.

தாவூது வாயைப் பிளந்தார். மேசைமேல் கிடந்த சிங்காரம் சட்டென்று கண்விளக்கை அணைத்துக்கொண்டது.