ஒன்பது விநாடிக் கோபம்

டமார் என்று ஷட்டரில் ஓர் அடி விழுந்தது. ஜெரோம் கையிலிருந்த டீ பாதி சட்டையில் கொட்டியது.

கணபதி என்ற பகுதியில், மோட்டார் பட்டறை ஒன்றின் மாடியில் இருந்தது அந்தத் துப்பறியும் அலுவலகம். வழக்கமாக ஆட்கள் தயங்கித் தயங்கித்தான் ஏறி வருவார்கள். இந்த அம்மாளோ ஷட்டரைக் குடையால் அடித்துவிட்டு, யாரும் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். பெயர் ராமாமணி. காங்கேயத்துக்குப் பக்கத்தில் நாலு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர்.

"நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. போனா உள்ள வெச்சிருவாங்களாமா," என்றார்.

பக்கத்தில் தேங்காய் உலர்த்தும் களத்துக்காரர் அரங்கசாமியின் கொப்பரைக் கொட்டகை ஞாயிற்றுக்கிழமை எரிந்து போயிருந்தது. முந்தின நாள் மதியம் ராமாமணி வேலியோரம் நின்று மிரட்டியதாகக் களத்துக் காவல்காரர் கருப்புசாமி போலீஸில் சொல்லி, செல்போன் பதிவு ஒன்றையும் கொடுத்திருந்தார். அது ஊர் வாட்ஸ்அப்பிலும் சுற்றிக்கொண்டிருந்தது. மொத்தம் ஒன்பது விநாடி.

துப்பறிவாளர் அன்புக்கரசி அதை ஓடவிட்டார்.

"ஏனுங்கண்ணா, ஒரு குச்சி போதுமுங்க. மொத்தமும் சாம்பலாப் போயிரும். பாத்துக்குங்க."

"உங்க குரல்தானா?"

"என்ற கொரல்தானுங்க."

"யார்கிட்டச் சொன்னீங்க?" என்று குறுக்கே புகுந்தான் அவருடைய உதவியாளன் ஜெரோம்.

"ஒரு நாளைக்கு நூறு பேச்சுப் பேசறனுங்க தம்பி. எதைன்னு நெனப்பு வெச்சுக்கறது?"

"அரங்கசாமிகிட்டயா?"

"அந்த மனுசங்கிட்ட நான் பேசி ஏழு வருசமாச்சு."

"அப்ப இதுல வர்ற அண்ணன் யாரு?"

"எனக்கு ஊரெல்லாம் அண்ணந்தானுங்க."

ஜெரோமுக்குப் பொறுமை போய்விட்டது. "இப்படி மழுப்புனா நாங்க என்னத்தைக் கண்டுபிடிக்கிறது?"

ராமாமணியின் முகம் கறுத்தது. ஆனால் அவனைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி மின்விசிறியிடம் பேசினார். "கேட்டியா? டீயைச் சட்டைக்கு ஊத்திக்கறவங்கெல்லாம் நமக்குப் புத்தி சொல்றாங்க."

அன்புக்கரசி சிரிப்பை அடக்கிக்கொண்டு ராமாமணியின் போனை வாங்கினார். சனிக்கிழமை அழைப்புகளை ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கிளம்பு ஜெரோம். களத்துக்குப் போகலாம்."

மூவருமாகப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். என்ன பார்த்தீர்கள் என்று ஜெரோம் மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் அன்புக்கரசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

களத்தை ஒட்டி எண்ணெய் மில் இரைந்துகொண்டிருந்தது. பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். கரிந்த கொட்டகையருகே நின்ற அரங்கசாமி, ராமாமணியைக் கண்டதும் எகிறினார். "தீ வெச்ச கையோட என்ற களத்துக்கே வந்திருக்குது பாருங்க."

ராமாமணி, அங்கே கட்டியிருந்த கன்றுக்குட்டியின் பக்கம் திரும்பினார். "கேட்டியாடா? வருசத்துக்கு ஒரு அடி வேலியை நவுத்தறவங்க நாயம் பேசறாங்க."

"ஒரு கேள்விக்காவது நேராப் பதில் சொல்லுங்கம்மா," என்று பல்லைக் கடித்தான் ஜெரோம். "கன்னுக்குட்டியா உங்களைக் காப்பாத்தப் போகுது?"

"அதுதான் காப்பாத்துது," என்றார் அன்புக்கரசி. "அரங்கசாமி சார், ஏழு வருசமா இவங்க உங்களை எப்படித் திட்டுவாங்க?"

"மாட்டைப் பாத்து, கோழியைப் பாத்து. ஒருக்கா என்ற பம்புசெட்டைப் பாத்து."

"உங்க மூஞ்சியைப் பாத்து?"

அரங்கசாமி யோசித்தார். "இல்லீங்க."

"கோவம் வந்தா இவங்களுக்குச் சாடைப் பேச்சுதான். இந்தப் பதிவுல நேருக்கு நேரா ‘ஏனுங்கண்ணா’ன்னு கூப்பிடறாங்க. அப்படின்னா கோவமில்லை, அக்கறை. பிரியமான ஒருத்தருக்கு எச்சரிக்கை சொல்லியிருக்காங்க. இந்த மில்லு சனிக்கிழமை மதியம் ஓடுச்சா?"

"ஞாயிறு தவிர தெனமும் ஓடுமுங்க."

"வேலியோரம் எடுத்த பதிவுல இந்த இரைச்சல் எங்கே?"

ஜெரோமுக்கு இப்போதுதான் உறைத்தது. "மேடம், அது போன்ல பேசினது."

"சனிக்கிழமை மதியம் ‘கருப்புசாமி அண்ணன்’ங்கிற நம்பருக்கு இவங்க நாற்பத்தொரு விநாடி பேசியிருக்காங்க. அவர் போன் எல்லாப் பேச்சையும் தானாப் பதிவு பண்ற போனா இருக்கணும். போலீஸுக்குப் போனது ஒன்பது விநாடி."

"அட, வெள்ளகோவில் தீவனக் கடையில நின்னு பேசுனது," என்று நெற்றியில் தட்டிக்கொண்டார் ராமாமணி.

கருப்புசாமி கையில் விளக்குமாறுடன் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள், ராமாமணி ஒருவரைத் தவிர. அவர் கன்றின் கழுத்தைத் தடவினார்.

"பாத்தியாடா? அண்ணன் அண்ணன்னு கூப்பிட்ட வாயிக்கு இது வேணும்."

பதினைந்து வருஷமாக ராமாமணி நேரே பார்த்துப் பேசிய மனிதர் கருப்புசாமி. விளக்குமாறு அவர் கையிலிருந்து நழுவியது.

"என்னைப் பாத்தே திட்டு அம்மணி... பீடியை அணைச்சுப்போட்டுத்தான் வீசுனேன்னு நெனச்சேன்."