மூன்றாவது படுக்கை

அல்வாரிடமிருந்து வந்த பதிலில் ஒரு எண் மட்டும் தவறாக இருந்தது. ஜூன் இருபதிலிருந்து குடில் உங்களுக்குத்தான், துறையில் படகோடு காத்திருப்பேன், போன வருடம் மாதிரியே மூன்று படுக்கையும் உதறிப் போட்டு வைக்கிறேன் என்று எழுதியிருந்தார். தினெகா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு சாப்பாட்டு மேஜைமேல் விரித்துக் கிடந்த வட சுவீடன் வரைபடத்தில் கைபேசியை வைத்துவிட்டு, "நாம ரெண்டு பேர்தானே போனோம்?" என்றாள்.

யோரித் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். கத்தி ஒரு நொடி நின்றது.

"அவருக்கு எழுபத்தெட்டு வயசு. ஏதோ ஞாபகத்துல மூணுன்னு போட்டிருப்பாரு. விடு தினா."

"போன வருஷம் மாதிரியேன்னு எழுதியிருக்காரே."

"குடில்ல மூணு கட்டில் கெடந்துச்சு. அதச் சொல்றாரு."

கிடந்ததா? அவளுக்கு இரண்டுதான் நினைவிருந்தது. ஜன்னலோரம் ஒன்று, அடுப்போரம் ஒன்று. ஆனால் யோரித் புவியியல் ஆசிரியர். ஒரு இடத்தைப் பார்த்தால் எது எங்கே இருந்தது என்று மறக்காதவன். அவள் வரைபடத்தை நீவிவிட்டாள்.

ஹாலந்தில், அவர்கள் ஊரான டெவன்டரில், பிப்ரவரி வந்துவிட்டால் எல்லோரும் கோடைக்குத் திட்டம் போடத் தொடங்கிவிடுவார்கள். அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் தினமும் இதே பேச்சு. ஒருத்தி இத்தாலி என்பாள், ஒருத்தி குரோஷியா என்பாள். "நீங்க எங்கே?" என்று கேட்டால் தினெகாவுக்குச் சொல்ல ஒரு ஊர்ப்பெயர்கூட இல்லை. போன கோடையில் நார்வே கடற்கரை முழுக்க கேரவன் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. அங்கே ஒரு பார்க்கிங்கில் வைத்து அவள் யோரித்தைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் அப்படித்தான். கத்தியதெல்லாம் அவள்தான். அந்த வீட்டில் ஜோடி சேர்ந்த தட்டுகளே மிச்சமில்லை. விவாகரத்துக்கு வக்கீலைக்கூடப் பார்த்தாகிவிட்டது. பார்க்கிங்கிலிருந்து வண்டியை எடுத்த யோரித் எங்கே போகிறோம் என்று சொல்லாமலே கிழக்கே திருப்பினான். எல்லையைத் தாண்டி, தாரில்லாத சரளைச் சாலையில் தொண்ணூறு கிலோமீட்டர் போனதும் சாலை முடிந்தது. ஏரி இருந்தது. 'குடில்' என்று கையால் எழுதிய ஒரு பலகை இருந்தது. அல்வார் தன் படகில் அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டார்.

அங்கே எட்டு நாள். திரும்பி வந்த பிறகு இந்த ஏழு மாதத்தில் ஒரு சண்டைகூட இல்லை. "எந்த ஊர்ல போய் மருந்து சாப்பிட்டீங்க? எங்களுக்கும் சொல்லுங்கப்பா," என்று பக்கத்து வீட்டு ரியா வேலிக்கு மேலாகக் கேட்டுச் சிரித்தாள்.

மறுபடி அங்கேயே போகலாம் என்று முதலில் சொன்னது யோரித்தான். அன்றிலிருந்து தினெகாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. முதலில் அதை ஆசை என்றே நினைத்துக்கொண்டாள். கொசு வலை, மழைக் காலணி, படகில் ஏற்ற வேண்டிய அரிசி, பால்பொடி என்று பட்டியல் எழுதுவாள். பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போவாள், ஜன்னலிலிருந்து சமையலறைக்கு, அங்கிருந்து மாடிக்கு, எதற்கு ஏறினோம் என்று தெரியாமல் மறுபடி கீழே. இப்போது அந்த மூன்று என்ற எண்ணும் கூடவே நடந்தது.

திங்கள், செவ்வாய், புதன். மாலை நாலு மணிக்கே வெளிச்சம் சாம்பல் நிறமாகிவிடும். திரை போடாத பெரிய ஜன்னலுக்கு வெளியே சைக்கிள்கள் ஈரத்தைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தமும், சூடேற்றும் குழாய்களுக்குள் தண்ணீர் நகர்ந்து நகர்ந்து ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொள்வது போன்ற சத்தமும், எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாத, மழையில் நனைந்த பாசியும் பழைய இலைகளும் சேர்ந்து புளித்த ஒரு வாடையும் வீட்டுக்குள் கூடிக்கொண்டே வரும். அவள் கம்பளத்தை மோந்து பார்த்தாள், குளியலறை வடிகாலை மோந்து பார்த்தாள், துவைத்து மடித்த துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மோந்து பார்த்தாள். கடைசியில் தன் முழங்கையின் உட்பக்கத்தை மூக்கருகே கொண்டுபோனாள். சட்டென்று கையைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

ஐந்தாவது நாளைப் பற்றித்தான் அவள் திரும்பத் திரும்ப நினைத்தாள். குடிலுக்குப் பின்னால் சதுப்பு நிலம். அதன்மேல் நடக்கப் பலகைகள் போட்டிருந்தார்கள். அங்கே பழுக்கும் மஞ்சள் பழங்களைப் பறிக்க ஒரு வாளியோடு போனாள். போகும்போது யோரித்தோடு ஏதோ சண்டை. மூடுபனி இறங்கியது. பலகை முடிந்த இடம் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நினைவிருப்பது அதே பலகைமேல் குடிலை நோக்கி நடந்து வந்தது. நடுவில் ஒன்றுமில்லை. யோரித் வாசலில் நின்றிருந்தான். அவளை நெடுநேரம் பார்த்தான். பிறகு அவளைத் தாண்டி, அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த சதுப்பைப் பார்த்தான். "உள்ள வா," என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டான். மீதி நாட்கள் முழுக்க ரேடியோ வைத்தான். அவனுக்கு ரேடியோ பிடிக்காது. ஆனாலும் பேட்டரி தீரும்வரை, காது வலிக்கும் சத்தத்தில்.

அப்போது அவளுக்கு அது விசித்திரமாகப் படவில்லை. இப்போது பட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் அவளுக்கு வேலை இல்லை. இடது மணிக்கட்டில் இருந்த தீக்காய வடுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓவன் தட்டு சுட்டது. இடதுதானே? கைபேசியில் பழைய படங்களைத் தேடினாள். ஒன்றில் வலது கையில் இருந்தது. தன்னைத்தானே எடுத்துக்கொள்ளும் படங்களில் இடம் வலம் மாறித்தான் தெரியும். இன்னொன்றில் யோரித் எடுத்த அவளுடைய பிறந்தநாள் படம். அதிலும் வலது. அதைப் பெரிதாக்கினாள். பின்னாலிருந்த கடைப் பலகையின் எழுத்துகள் நேராக இருந்தன.

அவள் அல்வாரை அழைத்தாள்.

நெடுநேரம் மணி அடித்தது. இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஆங்கிலத்தில்தான் பேச்சு.

"ஐயா, நான் தினெகா, ஹாலந்துலேர்ந்து. படுக்கை விஷயமா..."

"அடடா, அதுக்குள்ள வந்து சேந்துட்டியா?" கிழவரின் குரலில் சந்தோஷம். "மூணு நாளாகும்னு சொன்னாங்களே!"

"எங்க வந்து சேரணும்?"

அந்தப் பக்கம் நாய் ஒன்று குரைத்தது. "ஓ. நீ இன்னொருத்தியா," என்றார் அல்வார்.

அவளுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார முடியவில்லை. "இன்னொருத்தின்னா?"

"உன் அக்காவோ தங்கச்சியோ, எனக்கென்ன தெரியும்? நான் கொண்டுபோய் விட்டது ரெண்டு பேர. மீன் கொடுக்க வந்தப்போ பாத்தா, நீயும் உன் வீட்டுக்காரரும் வாசல்ல. அங்க சதுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தி நின்னு கை ஆட்டறா. நானும் கை ஆட்டினேன். காட்டு வழியா நடந்து வந்திருப்பா, அப்படியே போயிருவான்னு நெனச்சேன். போகல."

"யாரு அவ?"

"பேர் கேட்டேன். தினெகான்னா. நீங்க ரெண்டு பேரும் ஏதோ வெளையாடறீங்கன்னு விட்டுட்டேன். இங்க யாரும் யாரையும் துருவிக் கேக்க மாட்டோம்மா. படகுல ஏறு, கொண்டுபோய் விடறேன்னு எத்தன தடவ சொன்னேன்! தண்ணியப் பாத்ததும் பின்னால போயிருவா. ஏரி உறஞ்ச பொறகுதான் என் வீட்டுக்கு நடந்து வந்தா. செப்டம்பர்லயே உன் வீட்டுக்காரருக்கு எழுதிட்டேனே. அவரும் பதில் போட்டாரு."

"என்னன்னு?"

"வெறகும் ரொட்டியும் கொடுங்க, கோடையில வந்து பாக்கறேன்னு."

குழாய்க்குள் தண்ணீர் நகர்ந்தது. நின்றது.

"நீங்க ஜூன்ல வர்றீங்கன்னு ஞாயித்துக்கெழம அவகிட்ட சொன்னேன். அதுவரைக்கும் எதுக்கு, நானே போறேன்னா. செவ்வாக்கெழம பஸ் ஏத்திவிட்டது நான்தான். நல்ல பொண்ணு. கொஞ்சம் சத்தமாப் பேசுவா, அவ்வளவுதான்."

யோரித் வழக்கம்போல நாலரைக்கு வந்தான். சைக்கிளைச் சுவரில் சாய்க்கும் சத்தம். சாவி. காலணியைக் கழற்றும் சத்தம். அவள் விளக்குப் போட்ட அறையில், வரைபடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"அல்வார்கிட்ட பேசினேன்."

அவன் கோட்டைக் கழற்றி மாட்டினான். அவசரமே இல்லாமல். அவன் முகத்தில் பயம் வரவில்லை. ரொம்ப நாளாகத் தூக்கிக்கொண்டிருந்த எதையோ இறக்கி வைக்கப் போகிறவன் போலத்தான் இருந்தான்.

"உக்காரு தினா."

"முடியல. சொல்லு."

"பனியிலேர்ந்து ரெண்டு பேர் வந்தீங்க," என்றான். "நீ முன்னால. அவ கொஞ்சம் பின்னால. அதே சட்டை. அதே வாளி. அவ என்னத் திட்டிக்கிட்டே வந்தா. எங்கடா போய்த் தொலஞ்ச, இங்க விட்டுட்டுப் போயிட்டியேன்னு. நீ ஒண்ணும் பேசல. என்னப் பாத்துச் சிரிச்சே."

"அதனால?"

"அதனால உன்ன உள்ள கூட்டிட்டு வந்துட்டேன்."

"அவ கதவத் தட்டலையா?"

"தட்டினா. ரெண்டு நாள்."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். பத்து விரல். நகம். வடு. எல்லாம் அவளுடையது.

"எது நான், யோரித்?"

"தெரியல." அவன் குரல் கெஞ்சியது. "தெரிஞ்சுக்க வேணாம்னு இருந்துட்டேன். இந்த ஏழு மாசம் நாம எவ்வளவு நல்லா இருந்தோம்! ஆனா அவ சாகலையே. அல்வார் மாசாமாசம் எழுதறாரு. சாப்புடறா, வெறகு பொளக்கறா, என்னக் கேக்கறான்னு. அதான் ஜூன்ல ஒரு தடவ போயிட்டு வந்துடலாம்னு பாத்தேன். ரெண்டு பேரையும் பக்கத்துல வெச்சு, நிதானமா..."

"நிதானமா?"



வெளியே ரியாவின் குரல். "அட, தினெகா! சைக்கிள் எங்கே? நடந்தா வர்றே? ஐயோ, என்ன இப்படி எளச்சுப் போயிட்டே!"



காலடிச் சத்தம். மெதுவாக. செங்கல் பாவிய நடைபாதையில் ஒரு காலை இழுத்து இழுத்து.

ஜன்னலில் அவள் வந்தாள். அல்வாரின் பெரிய ஆட்டுத்தோல் கோட்டு. குளிர் தின்று கறுத்துப்போன கன்னங்கள். முடியெல்லாம் சிக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று உள்ளே பார்த்தாள். யோரித்தைப் பார்க்கவில்லை.

அழைப்பு மணி அடித்தது.

"தெறக்காத," என்றாள் தினெகா.

அவன் நடந்தான்.

"யோரித். தெறக்காத."

தாழ் விலகியது. குளிர் காற்று தரையோடு உள்ளே வந்து அவள் கணுக்காலைத் தொட்டது. அந்தப் பாசி வாடை. இப்போது அறை முழுக்க. வந்தவளிடமிருந்து அல்ல. வந்தவளிடம் விறகுப் புகையும் வியர்வையும்தான் மணத்தது.

யோரித் சுவரோடு ஒட்டி வழிவிட்டான். வந்தவள் சாப்பாட்டு அறை வாசலில் நின்றாள். மேஜைமேல் விரித்திருந்த வரைபடத்தைப் பார்த்தாள். பிறகு தினெகாவை. கோபம் இல்லை. கடை ஜன்னலில் தன் பழைய சட்டையை யாரோ தொங்கவிட்டிருப்பதைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

வாயைத் திறந்தாள். வெடித்த உதடுகள் அசைந்தன. ஒவ்வொரு சொல்லாக.

குரல் தினெகாவின் தொண்டையிலிருந்து வந்தது.

"கதவச் சாத்து, யோரித். குளிருது."

தினெகா இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுத்தினாள். பல் உள்ளங்கையில் பதியும் அளவுக்கு அழுத்தினாள்.

வாசலில் நின்றவள் பேச்சை நிறுத்தவில்லை. உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. உள்ளங்கைக்குக் கீழே, இவளுடையதும்.