வர்ணம் பூசாத முதுகு

படத்திலிருந்தவன் இடுப்பில் கட்டிய, காலையில் சாம்பலாக இருந்த சாரம் பின்னேரம் நீலமாகியிருந்தது. ஜெகதீஸ்வரி கண்ணைத் தேய்த்துவிட்டுச் சுவரருகே போய் மறுபடி பார்த்தாள். நீலமேதான்.

மாங்குளத்தில் தெருவோரக் கடையொன்றில் மகள் தேனுகா வாங்கிவந்த படம் அது. மாடு விட்டுச் சூடு மிதித்து நெல் பிரிக்கும் களத்தின் பழைய கறுப்பு வெள்ளை அச்சு. வைக்கோலுக்கு மஞ்சள், மாடுகளுக்குச் செம்மண் என்று யாரோ தூரிகையால் தொட்டுத் தொட்டு வர்ணம் பூசியிருந்தார்கள். மாடுகளுக்குப் பின்னால் முதுகு காட்டி நடக்கும் ஒருவனை மட்டும் பூசாமல் விட்டிருந்தார்கள். இடது தோள் தாழ்ந்த அந்த முதுகைக் கண்ட அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. போரின் கடைசிச் சண்டையில் தண்ணீர் எடுக்கப் போன மகன் கிருசாந்தனும் அப்படித்தான் நடப்பான். போனவன் வரவேயில்லை. ஓடிய ஓட்டத்தில் அவனுடைய படங்களும் தொலைந்தன. இப்போது அவன் முகமும் அவளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டிருந்தது. அதுதான் அவளைப் போட்டு அரித்தது.

சூடு மிதிக்கும் களத்தில் ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. காதில் விழுந்தால் பூதம் வந்து பங்கு கேட்கும். கண்டாவளையில் வயல் வைத்துக் கமம் செய்கிறவளுக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் வெறும் படம்தானே என்று நேற்று ஒருமுறை மெல்லக் கூப்பிட்டிருந்தாள்.

"கிருசாந்தன்... என்ரை பிள்ளை," என்றாள் இப்போதும்.

வைக்கோல் வாசம் எழுந்து கூடத்தை நிறைத்தது. அதன் பின்னே ஈரச் சாணத்தின் வாசம் வந்தது. மின்விசிறியின் இரைச்சலுக்கும் கீழே, மிக அருகில், குளம்புகள் நெற்கதிர்களை நசுக்கி நசுக்கி நடக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது. படத்தில் அவன் கொஞ்சம் திரும்பியிருந்தான். ஒரு காது தெரிந்தது. மாநிறக் காது.

"தலை சுத்துதம்மா," என்றபடி தேனுகா குசினியிலிருந்து வந்து கதிரையில் உட்கார்ந்து சாய்ந்தாள். அவளுடைய நீலச் சட்டை சாம்பலாகியிருந்தது. உதடுகளும். கைகளும்.

ஜெகதீஸ்வரி மகளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பங்கு யாரிடமிருந்து போகிறது என்று விளங்கிவிட்டது. சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். படத்தைக் கழற்றி எறிய வேண்டும். கை எழவில்லை. இன்னும் கொஞ்சம் திரும்பினால் முகம்.

"அதைப் பாக்காதேங்கோ அம்மா. என்னை ஒருக்காப் பாருங்கோ."

தலைப்பை எடுத்து, "ஓம் பிள்ளை, கொஞ்சம் பொறு," என்றாள். திரும்பவில்லை. கண்ணை எடுத்தால் அவன் போய்விடுவான்.

"அம்மா..."

இந்த முறை கதிரையிலிருந்து அல்ல. சுவரிலிருந்து. ஆண் குரல். பெற்ற மனம் எப்படித் தாங்கும்?

"கிருசாந்தன்!"

குளம்புச் சத்தம் நின்றது. அவன் திரும்பினான். அதே முகம். அதே தெத்துப்பல். கன்னமெல்லாம் நிறம். அவள் அழுதுகொண்டே கை நீட்டினாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, தேனுகாவின் மூச்சுக்கூடக் கேட்காத கதிரையைப் பார்த்தான். பார்த்தபடியே, இரண்டு கைகளாலும் தலையில் அடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் கதறினான்.