ஆள் வந்தால் அழும் படகு

ரோசெனின் அப்பா எர்வான் ஏழு வருடமாகப் பாய்மரப் படகு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வந்த படகுகளை வரிசையாக நிறுத்தினால், அவற்றின் மேலேயே நடந்து இங்கிலாந்துக்குப் போய்விடலாம். ஒன்று மிகப் பெரிதாக இருந்தது. ஒன்றில் எலிகள் குடும்பம் நடத்தின. ஒன்று எல்லா விதத்திலும் நன்றாக இருந்தது, ஆனால் விலையைக் கேட்டதும் அம்மா கத்தெலுக்கு இருமல் வந்தது. அந்த இருமல் நிற்க இரண்டு நாள் ஆயிற்று.

எட்டாவது வருடம் ஏப்ரலில், ஒரு சனிக்கிழமை, அவர்கள் 'பச்சைப் பட்டாணி'யைப் பார்க்கப் போனார்கள்.

அந்தத் துறையில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை வெளியே போய்விட்டுத் திரும்பி வரும். அவர்கள் போன நேரம் அது வெளியே போயிருந்தது. படகுகளெல்லாம் சேற்றில் நின்றன. பச்சைப் பட்டாணிக்கு அடியில் இரண்டு தடித்த கால்கள் இருந்ததால், அது சாயாமல் வாத்துபோல் நிமிர்ந்து நின்றது. ஏழு மீட்டர் நீளம். நாலு பேர் படுக்க இடம். ஒரு அடுப்பு, ஒரு குழாய், ஒரு குட்டி மேசை.

நான்கு பேரும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு சேற்றில் சளக் சளக் என்று நடந்து போனார்கள். ரோசெனின் ஐந்து வயதுத் தம்பி மாலோ, தன் ஸ்ட்ராபெரி சர்பத் பாட்டிலைக் கட்டிப்பிடித்தபடி கடைசியாக வந்தான்.

படகின் மேல் ஓர் அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மதாம் திலி. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அவர் முறைத்தால் சிவப்பு விளக்கே பயந்து பச்சையாக மாறிவிடும் என்று ஊரில் சொல்வார்கள்.

"வாங்கவா வந்தீங்க?"

"ஆமா மதாம்" என்றார் அப்பா.

"வாங்காதீங்க."

அப்பா காது கேட்காதவர்போல ஏணியில் ஏறினார். மற்றவர்களும் பின்னாலேயே ஏறினார்கள். முதல் பார்வையிலேயே அவருக்குப் படகைப் பிடித்துவிட்டது. அது அவர் காதுகளிலேயே தெரிந்தது. இரண்டும் சிவந்திருந்தன.

"பாய் பழசு" என்றார் மதாம் திலி.

"பழசுதான் மதாம் மெத்துன்னு கையில அடங்கும்."

"மோட்டார் இருமும்."

"என் பெண்டாட்டியும்தான் இருமறா. அதுக்காக விட்டுட்டா வந்தேன்?"

அம்மா அப்பாவின் முழங்கையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"படுக்கை குட்டை. கால் வெளிய நீட்டிக்கும்."

"எனக்கு நீட்டிக்காது" என்றான் மாலோ.

விற்கிறவர் குறை சொல்ல, வாங்குகிறவர் புகழ்ந்துகொண்டே போனார். இப்படி ஒரு பேரம் அந்தத் துறையில் அதற்கு முன் நடந்ததில்லை. கடைசியில் மதாம் திலி பேச்சை நிறுத்திவிட்டு, அறைக்குள் இறங்கி, தரைப்பலகை ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"இதப் பாருங்க. பாத்துட்டுப் பேசுங்க."

பலகைக்குக் கீழே, படகின் அடிவயிற்றில், ஒரு சாண் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது.

"இவ அழுவா" என்றார் மதாம் திலி, இன்றைக்கு மழை வரும் என்று சொல்கிற குரலில். "இறைச்சு விட்டா, யாரும் வராத நாள்ல காஞ்ச ரொட்டி மாதிரி இருப்பா. வாங்க ஆள் வந்தா போதும், அன்னைக்குத் தண்ணி. இதுவரைக்கும் பதினோரு பேர் வந்தாங்க. பதினோரு தடவையும் அழுதா. ஒரு பல் டாக்டர் இதப் பாத்துட்டு ஓடின ஓட்டத்துல ஒரு பூட்ஸ் சேத்துலயே நின்னுடுச்சு. இப்ப அதுல ஒரு நண்டுக் குடும்பம் இருக்கு."

மாலோ சன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். பூட்ஸ் இருந்தது. யாரோ உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள்.

"என் தோள்பட்டையும் போச்சு, இனி பாய் இழுக்க முடியாது. இவளை ஒழுகவிட்டு, குழந்தைங்க இருக்கற வீட்டுக்கு விக்கவும் மாட்டேன். திங்கக்கிழமை படகு உடைக்கறவங்க வண்டி வருது. போயிட்டு வாங்க."

"எர்வான்" என்றாள் அம்மா மெதுவாக, "அடியில எங்கயோ விரிசல். வேண்டாம்."

அப்பாவின் முகம் பொங்காத மாவுபோல் அமுங்கிப் போனது. அவர் ரொட்டிக்கடைக்காரர். அந்த முகம் அவருக்குப் புதிதல்ல, ஆனால் தன் கழுத்தின் மேல் அதை வைத்துக்கொள்வது புதிது.

ரோசென் ஏணியில் இறங்கினாள். படகைச் சுற்றி வந்தாள். சேற்றில் குனிந்து அடிப்பக்கம் முழுவதும் கையால் தடவினாள். திரும்பி மேலே வரும்போது தலைமுடியில்கூடச் சேறு.

"அப்பா, உள்ள வர ஓட்டை இருந்தா, கடல் போனப்புறம் அதே வழியா வெளிய ஒழுகணும்ல? அடியில ஒரு சொட்டு இல்ல."

"விரிசல் மேல எங்கயாவது இருக்கலாம்மா."

ரோசென் யோசித்தாள். பிறகு குனிந்து, அந்தத் தண்ணீரில் விரலை முக்கி, நாக்கில் வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, ரோசென்" என்றாள் அம்மா.

ரோசெனின் நாக்கு சாதாரண நாக்கு அல்ல. தினமும் காலையில் கடை மாவில் உப்பு சரியா என்று சொல்வது அவள் வேலை. ஒருமுறை மூன்று கல் குறைகிறது என்றாள். அப்பா மூன்று கல் எடுத்துப் போட்டார். மாவு சரியாகிவிட்டது.

"டீசல் இருக்கு. பழைய சாக்ஸ் இருக்கு. உப்பு இல்ல" என்றாள். "கடல் தண்ணின்னா உப்பு. கண்ணீர்னாலும் உப்பு. இது ரெண்டும் இல்ல."

"முதல்ல துப்பு. வாயைக் கொப்பளி" என்று அம்மா அவளைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள்.

ரோசென் கொப்பளித்தாள். இன்னொரு வாய் பிடித்தாள். அதைத் துப்பாமல் கன்னத்திலேயே வைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஆராய்ந்துவிட்டு, பிறகு துப்பினாள்.

"இதுலயும் அதே சாக்ஸ். மதாம், இந்தக் குழாய்க்குத் தண்ணி எங்கிருந்து வருது?"

"முன் படுக்கைக்குக் கீழ தொட்டி இருக்கு."

"அதுல எப்ப ஊத்தினீங்க?"

"இன்னைக்குக் காலைல. வீடு தேடி வர்றவங்களுக்கு ஒரு காபி போட்டுத் தர வேணாமா?"

"மத்த நாள்ல?"

"காலியா வெச்சிருப்பேன். ஊத்தி வெச்சா நாறிடும்."

சொல்லி முடித்ததும் மதாம் திலியின் வாய் திறந்தபடியே நின்றது. ஒரு கடற்காகம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம், அத்தனை நேரம்.

"மாலோ, அந்த சர்பத்தைக் குடு" என்றாள் ரோசென்.

"ஏன்?"

"படகு வாங்க."

மாலோ பாட்டிலையும் பார்த்தான், படகையும் பார்த்தான். கஷ்டமான முடிவு. ஒரு நீண்ட மடக்கு குடித்துவிட்டு மீதியைக் கொடுத்தான்.

ரோசென் அதைத் தொட்டியில் கவிழ்த்தாள். எல்லாரும் தரையில் குப்புறப் படுத்துக் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் குழாய்க்குக் கீழே இருந்த அலமாரிக்குள்ளிருந்து ஒரு சிவப்புச் சொட்டு விழுந்தது. அடுத்து இன்னொன்று. தண்ணீர் மெல்ல இளஞ்சிவப்பாக மாறியது.

பெரியவர்கள் தோள் நுழையாத அந்த அலமாரிக்குள் ரோசென் கையை விட்டாள். "இங்க ரப்பர் பைப் வெடிச்சிருக்கு. என் சுண்டு விரலே போகுது."

"பதினோரு தடவ காபி" என்றார் மதாம் திலி. "போட்டு வெச்சதை ஒருத்தர்கூடக் குடிக்கல. தண்ணியப் பாத்ததும் ஓடிட்டாங்க. ஓட வெச்சது நான்தானா?"

அம்மா மட்டும் இன்னும் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். "பைப் ஒழுகுது, சரி. படகும் சேந்து ஒழுகலன்னு யாரு சொன்னா?"

"கடல் வந்து சொல்லட்டும்" என்றாள் ரோசென்.

தொட்டியைக் காலி செய்தார்கள். ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி அடிவயிற்றைக் காய வைத்தார்கள். ரோசென் அம்மாவின் பையில் இருந்த கடை ரொட்டி உறைகளை அங்கே ஓரம் விடாமல் பரப்பினாள். ஒரு சொட்டு பட்டாலும் அந்தத் தாள் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு வெண்ணெய் கேக்கைப் பிய்த்துத் தின்றபடி காத்திருந்தார்கள். மூன்று மணிக்குக் கடல் திரும்பி வந்தது. முதலில் பல் டாக்டரின் பூட்ஸை நனைத்தது. பிறகு படகின் கால்களை, பிறகு வயிற்றை. பச்சைப் பட்டாணி ஒருமுறை முனகி, இடதுபக்கம் அசைந்து, சேற்றை விட்டு எழுந்து மிதந்தது.

ஒரு மணி நேரம் யாரும் பலகையைத் தூக்கவில்லை. தூக்கியபோது அப்பா பார்க்கவில்லை. அவர் கூரையில் ஏதோ முக்கியமான ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா ஒவ்வோர் உறையாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கடைசி உறையையும் வைத்துப் பார்த்தாள்.

"எர்வான்" என்றாள். "பேனா இருக்கா?"

கையெழுத்துப் போட்டார்கள். மதாம் திலி திங்கட்கிழமை வண்டிக்காரருக்குப் போன் செய்து, வரவேண்டாம் என்றார். அவர் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். "ஏன்னா இனி இது என் படகு இல்ல, அவங்களைக் கேளு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அப்போதுதான் ரோசென் வெளியே எட்டிப் பார்த்தாள். நடந்து வந்த சேற்றைக் காணோம். நாலா பக்கமும் தண்ணீர்.

"மதாம், நாம கரைக்கு எப்படிப் போறது?"

"துடுப்புப் படகுல."

"அது எங்க?"

"கரையில. கடல் வர்றதுக்கு முன்னாடி எடுத்துட்டு வந்திருக்கலாம். வேணும்னேதான் விட்டுட்டேன்." மதாம் திலி ஐந்து மிதவைச் சட்டைகளை எடுத்து ஆளுக்கொன்றாக வீசினார். "ஓட்டத் தெரியாதவங்க கையில குடுத்துட்டு நிம்மதியாத் தூங்க முடியுமா? முதல்ல ஓட்டிக் காட்டுங்க, அப்புறம் கரைக்குப் போலாம். மோட்டாரைத் தொடாதீங்க. ரொட்டிக்காரரே, பாயை ஏத்துங்க. நீ வா சின்னப் பொண்ணே, சுக்கானைப் பிடி."

அப்பா கயிற்றை இழுத்தார். பழைய பாய் மெத்தென்று விரிந்து, தயங்கி, காற்றை ஒரு கவளம் வாங்கிக்கொண்டது. ரோசென் சுக்கானை இரண்டு கையாலும் பிடித்தாள். பச்சைப் பட்டாணி துறையை விட்டு வெளியே நகர்ந்தது.

கரை சின்னதாகிக்கொண்டே போனது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மதாம் திலியும்தான்.