இருநூறு சங்கிலித் தூரம்

தண்டாயுதபாணி ஆறு மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். வெந்நீர் வைத்தான். கிணற்றடித் தூணில் கண்ணாடியை மாட்டி, தாடையில் நுரை தடவினான். கண்ணாடியில், அவன் தோளுக்குப் பின்னால், நரிப்பள்ளக் கணவாய் தெரிந்தது.

தெரியக்கூடாது. கணவாய் பெரும்பாறைக்கு அப்பால், இரண்டரை மைல், அதாவது இருநூறு சங்கிலி தள்ளி இருந்தது. அவன் வரைந்த படத்திலும் அப்படித்தான். ஆணி தளர்ந்திருக்கும் என்று முடிவு செய்து மழித்து முடித்தான்.

1931, தை மாதம். ஊத்துமேடு மலைச்சரிவில் ஒட்டிக்கிடந்தது. முந்நூறு கூரை, ஒரு சந்தை, ஒரு தபால் பெட்டி. அந்த ஊருக்கும் சுற்றுப்புறத்துக்கும் படம் வரைந்து தாலுகா போர்டுக்கு அனுப்புவது அவன் வேலை. ஊர்க்காரர்களுக்குத் திசையே இரண்டுதான்: மேலே, கீழே. தூரம் கேட்டால், "ஒரு வெத்தலை போடற தூரமுங்க" என்பார்கள். பி.ஏ. படித்தவன் இவர்களிடம் வழி கேட்பதா?

மூன்று மாதத்துக்கு முன் மனைவி சாரதாமணிக்கு மலைக்காய்ச்சல் கண்டபோதும் கேட்கவில்லை. வண்டிப்பாதையில் போனால் நாமக்கல் ஆஸ்பத்திரி இருபத்து நான்கு மைல். கணவாயைத் தாண்டினால் பதினொன்று என்று படம் சொன்னது. கழியில் தூளி கட்டி, அவளைக் கிடத்தி, கணவாய் வழியே தூக்கச் சொன்னான். அந்தப் பக்கம் தடமே இல்லை, வெறும் சரிவு. அங்கேயே இறந்தாள். காய்ச்சல் கொன்றது என்று எல்லோரிடமும் சொன்னான். படத்தில் கணவாய் வழியே பாதையென்று இழுத்திருந்த கோட்டை அழிக்கவில்லை. அழித்தால் கொன்றது யார் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுநாள் கண்ணாடியில் கணவாய் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. சங்கிலி பிடிக்கும் காத்தானை அளக்க அனுப்பினான். அன்று தூளியின் முன்கழியைச் சுமந்தவனும் அவன்தான்.

"நூத்தி நாப்பது சங்கிலிதானுங்க வருது."

"இருநூறுடா. கள்ளுக் குடிச்சியா?"

"குடிச்சா ஒண்ணு ரெண்டாத் தெரியுமுங்க சாமி. ரெண்டு ஒண்ணாவா தெரியும்?"

எண்ணத் தெரியாத கழுதை. இரண்டு நாள் கழித்து மறுபடி அனுப்பினான். முப்பத்தொன்று. காத்தான் சங்கிலியைக் கிணற்றடியில் போட்டான்.

"அந்தக் கோட்டை அழிச்சிருங்க சாமி. நாங்க யாரும் வாயத் தொறக்க மாட்டோமுங்க."

"நீ எனக்குப் பூகோளம் சொல்லித் தர்றியா?"

காத்தான் சங்கிலியை எடுக்காமலே போய்விட்டான். தண்டாயுதபாணி பேனாவை மசியில் தோய்த்து, அதே கோட்டின் மேல் இன்னொரு முறை அழுத்தி இழுத்தான். காலையில் படத்தைத் தபாலில் சேர்த்துவிட வேண்டும்.

காலையில் பனி கூரை வரை இறங்கியிருந்தது. கோழி கூவவில்லை, ஊரே அறுத்தெடுத்தாற்போல் அடங்கியிருக்க, ஈரப்பாறையின் வாசனையும், மட்கிய இலையின் வாசனையும், அவற்றுக்கு அடியில் காய்ச்சல்காரியின் வியர்வையில் ஊறிய துணியின் வாசனையும் கிணற்றடியில் நிறைந்திருந்தன. எங்கோ கழியில் கயிறு உராய்ந்தது. கத்தியைத் தாடையில் வைத்தான். கண்ணாடியில் வீடு இல்லை. இரண்டு பக்கமும் பாறை.

திரும்பினான்.

கழி. தோள் உயரத்தில். தூக்க ஆள் இல்லை. தூளி கனத்துத் தொங்கியது. ஆடியது. உள்ளிருந்து நான்கு விரல்கள் துணியை விலக்கின. உதடுகள் மட்டும் தெரிந்தன.

மகள் "முருகா" என்று சொல்லி உயிர் விட்டதாக மாமியார் ராசிபுரம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். மாமியார் அன்று அங்கே இல்லை. சரிவின் விளிம்பில் தூக்கியவர்கள் நின்றுவிட்டபோது, அவன் படத்தை விரித்து, இதுதான் வழி என்று விரலால் காட்டியபோது, சாரதாமணி கண்ணைத் திறக்காமல் வேறொன்று சொன்னாள். அந்த உதடுகள் இப்போது அதையே சொல்லின.

"நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்."